வீட்டு எஸ்ப்ரெஸ்ஸோவுக்கு 9 பார்: அளப்பதா, திருகுவதா, அப்படியே விடுவதா?

கீழக்கரையில் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெட்டிகளில் இப்போது அத்தர் பாட்டிலுக்கும் பால்மாவுக்கும் நடுவே, வெந்நீரை அழுத்தத்தோடு காபிப்பொடி வழியே தள்ளும் எஸ்ப்ரெஸ்ஸோ இயந்திரமும் வந்து இறங்குகிறது. அட்டையின் மேல் பெரிய எழுத்தில் ‘15 பார்’ என்று அழுத்தத்தின் அளவு போட்டிருக்கும். ஒரு மாதம் பால் கலந்து குடித்து மகிழ்வார்கள். பிறகு யாராவது, எஸ்ப்ரெஸ்ஸோவுக்கு 9 பார்தான் சரி என்று சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பையின் மீதும் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தோடு சில மாதங்களுக்குள் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். தொண்டியில் ஒரு ஆசிரியை, பாம்பனில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு தம்பி, தங்கச்சிமடத்தில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். கேஜ் (அழுத்தமானி) வாங்கி அளப்பதா, உள்ளே இருக்கும் வால்வைத் திருகுவதா, அல்லது கைவைக்காமல் விட்டுவிடுவதா என்பதுதான் மூவரின் கேள்வியும். நான் மூவருக்கும் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

## 9 பார் என்பது எவ்வளவு

ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் தண்ணீரின் பாரத்தால் இன்னொரு பார் கூடும். எங்கள் ஊரில் சங்கு குளிக்கப் போனவர்களின் காதுகளுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 9 பாரை உணர வேண்டுமானால் 90 மீட்டர் இறங்க வேண்டும். பாக் விரிகுடாவில் அதற்கு ஆழமே இல்லை. அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

வேறு விதமாகவும் பார்க்கலாம். பொடியைப் போடும் துளையிட்ட கிண்ணத்தைப் பாஸ்கெட் என்பார்கள். 58 மில்லிமீட்டர் பாஸ்கெட்டின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். 9 பாரில் அந்தப் பொடிப்படுகையின் மேல் விழும் விசை சுமார் 240 கிலோ எடைக்குச் சமம். 15 பாரில் அது 400 கிலோவைத் தொடும். உள்ளங்கை அளவு பொடியின் மேல் இவ்வளவு பாரம் ஏறும்போது படுகை இறுகுகிறது. எங்கே சற்றுத் தளர்வோ அங்கே பிளந்து தண்ணீர் குறுக்குவழியில் ஓடுகிறது. தண்ணீர் பாய்ந்த இடத்தில் கசப்பு, பாயாத இடத்தில் புளிப்பு, இரண்டும் ஒரே கோப்பையில். அழுத்தம் கூடக்கூடக் காபி திடமாகும் என்று நினைப்பது தவறு.

9 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இத்தாலிய இயந்திரங்கள் நீராவியை நம்பியவை, அவற்றால் 1.5 பாரைத் தாண்ட முடியவில்லை. 1940களில் அக்கில்லே காஜியாவின் நெம்புகோல் இயந்திரங்கள் ஸ்பிரிங்கின் பலத்தால் தண்ணீரைத் தள்ளின. அழுத்தம் 8, 9 பாருக்கு உயர்ந்தது, காபியின் மேல் பொன்னிற நுரை வந்தது. 1961இல் ஃபேமா நிறுவனத்தின் ஈ61 இயந்திரம் மின்பம்பைக் கொண்டு அந்த 9 பாரை நிலையாகத் தந்தது. அந்த வழக்கமே இன்றுவரை நீடிக்கிறது. 6 பாரில் அருமையான எஸ்ப்ரெஸ்ஸோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 13 பாரில் தொடர்ந்து நல்ல எஸ்ப்ரெஸ்ஸோ போடுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

அட்டையில் உள்ள 15 பார், பம்பின் உச்ச பலத்தைக் குறிக்கிறது. கோப்பைக்கு அதே அழுத்தம் வரும் என்று பொருள் இல்லை. தடை இருந்தால்தான் அழுத்தம் ஏறும். பொடி கொரகொரப்பாக இருந்தால் 15 பார் பம்பாலும் 4 பாரைத் தாண்ட முடியாது. பொடி நைசாக இருந்து தடை கூடும்போது, மிகையழுத்த வால்வு திறந்து கூடுதல் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். குக்கரின் வெயிட் செய்யும் அதே வேலைதான். வெயிட்டுக்குப் பதில் ஒரு ஸ்பிரிங். இந்த வால்வு உச்சவரம்பை மட்டும் நிர்ணயிக்கிறது, அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. இது மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் நான் சோதிக்கிறேன். அளக்கும் இடம் எது: பம்பின் வாயிலா, பொடியின் தலைமேலா? மொத்தச் செலவு எவ்வளவு? இதில் கருவியின் விலையோடு உதிரிகள், உத்தரவாதம், மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகும் அலைச்சல் எல்லாம் சேரும். உப்புக் காற்றையும் எங்கள் தண்ணீரையும் தாங்குமா? செய்ததைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? கடைசியாக, கோப்பையில் வித்தியாசம் தெரியுமா?

இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் பாஸ்கெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்புறம் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு துளைகள் தெரிந்தால் மேலே படியுங்கள். வெளிப்புறம் ஒரே ஒரு ஊசித்துளைதான் என்றால் அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். அதில் அழுத்தத்தை உண்டாக்குவது அந்த ஊசித்துளை. பொடிக்கு அதில் பெரிய பங்கில்லை. அந்த நிலையில் வால்வைத் திருகுவதால் கிடைப்பது மிகக் குறைவு. முதலில் ஒற்றைச் சுவர் பாஸ்கெட், பிறகு அதற்கேற்ப நைசாக அரைக்கும் கிரைண்டர், அதன் பிறகே அழுத்தத்தைப் பற்றிய யோசனை.

## அளக்கும் வழிகள்

### தராசும் கடிகாரமும்

கேஜ் எதுவும் இல்லை. 18 கிராம் பொடி, 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி. இந்த மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்துக்கொண்டு அரைப்பை மட்டும் மாற்றுவது. பாஸ்கெட்டைத் தாங்கி இயந்திரத்தில் பூட்டும் கைப்பிடி, அடித்திறந்த வகையாக இருந்தால் இன்னும் நல்லது. பாஸ்கெட்டின் அடியில் எங்கே பீறிடுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

இது அழுத்தத்தைச் சொல்லாது, அழுத்தத்தின் விளைவைச் சொல்லும். பலருக்கு அதுவே போதும். 0.1 கிராம் துல்லியமுள்ள சிறு தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இதன் மறைவான செலவு கொட்டைதான். சரியான அரைப்பைப் பிடிப்பதற்குள் கால் கிலோ போய்விடும். எங்கள் பக்கம் காற்றில் ஈரம் மாறும்போது நேற்றைய அரைப்பு இன்று பொருந்தாது என்பதால் இந்த வேலை அடிக்கடி வரும்.

சிக்கரி கலந்த ஃபில்டர் பொடியை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். சிக்கரி காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரைவது. படுகையின் தடையே போகப்போக மாறிவிடும். அந்தப் பொடிக்குப் பித்தளை ஃபில்டரைவிடச் சிறந்த பாத்திரம் கிடையாது.

### இயந்திரத்தின் முகத்திலேயே உள்ள முள்

சில இயந்திரங்களில் கேஜ் ஏற்கெனவே பதிந்திருக்கும். எண்கள் போட்டவை ஒரு வகை. எண்ணே இல்லாமல் ஒரு பகுதியை மட்டும் நிறம் மாற்றிக் காட்டுபவை இன்னொரு வகை. அந்த முள், ஏறுகிறதா இல்லையா என்பதைச் சொல்லும், அவ்வளவுதான்.

எண் போட்டதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முள் வழக்கமாக இணைந்திருப்பது பம்புக்கும் பாய்லருக்கும் நடுவே ஓடும் குழாயில். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது குறுகிய வழிகளைத் தாண்டும் இழப்பால் பொடியின் தலையில் அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும். தண்ணீர் நின்றுவிட்டால், அதாவது துளையில்லாத பாஸ்கெட்டைப் பூட்டி ஓட்டினால், இரண்டு இடத்திலும் ஒரே அழுத்தம்தான். ஆகவே தெரிந்தவரிடம் கைப்பிடி கேஜை ஒரே ஒரு நாள் வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுவிட்டால், பிறகு ஆயுள் முழுக்க உங்கள் சொந்த முள்ளையே நம்பலாம்.

முள் இல்லாத இயந்திரத்தில் துளை போட்டுப் பதிக்கும் வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு புதிய இணைப்பும் கசிவுக்கு ஒரு புதிய வாசல். கசியும் தண்ணீர் மின்கம்பிகளுக்கு அருகில் விழும்.

### கைப்பிடியில் மாட்டும் கேஜ்

காபிக் கைப்பிடியின் மூக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்துவது. அளக்கும் இடம் பொடி இருக்கும் அதே இடம் என்பதால் முதல் கேள்வியில் இதற்கு இணை இல்லை. இயந்திரத்தைத் திறக்க வேண்டாம், உத்தரவாதம் போகாது, அளந்து முடித்ததும் அலமாரியில் வைத்துவிடலாம்.

ஆயத்தமாக விற்கும் கேஜ் வாங்கலாம், அல்லது உள்ளூரிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான கைப்பிடிகளின் மூக்குத் திருகு 3/8 அங்குல பி.எஸ்.பி. குழாய் மரை, சாதாரண அழுத்தமானிகளின் மரை கால் அங்குலம். நடுவே இரண்டு அளவுகளையும் இணைக்கும் ஒரு பித்தளை ரெடியூசர், கொஞ்சம் டெஃப்லான் டேப், முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு ஆலைகளும் ஐஸ் பிளாண்டுகளும் இல்லாத ஊர் குறைவு என்பதால் அழுத்தமானி அரிய பொருள் அல்ல. அந்த ஆலைகளுக்கு உதிரி விற்கும் கடைகளில் கேளுங்கள்.

கேட்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லிக் கேளுங்கள். அளவு 0 முதல் 16 பார் வரை இருக்கட்டும். கேஜின் பிழை முழு அளவின் சதவீதமாகத்தான் கணக்கிடப்படும், 2.5 சதவீத வகுப்பு என்றால் 16 பார் கேஜில் 0.4 பார் பிழை, 25 பார் கேஜில் 0.6 பாருக்கு மேல். இரண்டாவது, கூடு துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புக் கூடு எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு பருவகாலம் தாங்கவில்லை. மூன்றாவது, உள்ளே கிளிசரின் நிரம்பியதாக இருந்தால் பம்பின் அதிர்வில் முள் நடுங்காது.

கேஜோடு ஒரு சிறு ஊசி வால்வும் இருந்தால் மிக நல்லது. வால்வு மூடியிருக்கும்போது தண்ணீர் ஓடாது. அப்போது தெரிவது நின்ற அழுத்தம். காபி இறங்கும்போது உள்ள அழுத்தம் அதைவிட அரை பார் முதல் ஒரு பார் வரை குறைவாக இருப்பது வழக்கம். ஊசி வால்வைச் சற்றே திறந்து நிமிடத்துக்கு 70, 80 மில்லிலிட்டர் ஒழுகவிட்டால் காபி இறங்கும் வேகத்தைப் போலி செய்யலாம். அப்போது காட்டும் எண்தான் உண்மையான எண். ஊசி வால்வு இல்லையென்றால் நின்ற அழுத்தம் 9.5, 10 என்று இருப்பதே காபியில் 9 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மறைவான செலவு இங்கேயும் உண்டு. கைப்பிடி அளவுகள் 58, 54, 51 மில்லிமீட்டர் என்று இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரே அளவு என்றாலும் இயந்திரத்தில் பூட்டும் காதுகள் பொருந்தாமல் போகலாம். தனிக் கைப்பிடி ஒன்று வாங்க வேண்டிவந்தால் அதுதான் கேஜைவிட அதிக விலை. ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை மட்டுமே தேவைப்படும் கருவி இது. ஒரே வகை இயந்திரம் வைத்திருக்கும் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பூட்டிய கைப்பிடிக்குள் கொதிக்கும் நிலையை நெருங்கிய தண்ணீர், 240 கிலோ விசையோடு நிற்கிறது. முள் பூஜ்யத்துக்கு இறங்காமல் கைப்பிடியைக் கழற்றாதீர்கள். சில இயந்திரங்கள் பம்பை நிறுத்தியதும், மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு வழியே அழுத்தத்தை விட்டுவிடும். சிலவற்றில் அந்த வால்வே கிடையாது, பொறுத்திருக்க வேண்டும். சிறுபிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் 10, 15 விநாடிக்கு மேல் வேண்டாம். சின்ன அதிர்வுப் பம்புகள் விட்டுவிட்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை, அடைத்து வைத்து ஓட்டினால் சூடாகிவிடும்.

| | எங்கே அளக்கிறது | மறைவான செலவு | உப்புக் காற்றில் | யாருக்கு |
|---|---|---|---|---|
| தராசு, கடிகாரம் | அளப்பதில்லை; விளைவைக் காட்டும் | வீணாகும் கொட்டை | கவலையில்லை | தொடங்குகிற எல்லோருக்கும் |
| இயந்திரத்தின் முள் | பம்புக் குழாயில் | ஏற்கெனவே விலையில் சேர்ந்தது. புதிதாகப் பதித்தால் கசிவு | உள்ளே இருப்பதால் ஓரளவு பாதுகாப்பு | இருப்பவர்களுக்கு. ஒருமுறை ஒப்பிட்ட பின் |
| கைப்பிடி கேஜ் | பொடியின் தலைமேல் | தனிக் கைப்பிடி, ரெடியூசர் | துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை மட்டும் | வால்வைத் தொட நினைப்பவர்கள் அனைவருக்கும் |

## மாலை நேரத்து மின்சாரம்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் பல வாரங்களை இழந்தேன். காலையில் போட்ட எஸ்ப்ரெஸ்ஸோ நன்றாக இருக்கும். அதே கொட்டை, அதே அரைப்பு, இரவு எட்டு மணிக்குச் சோகையாக இறங்கும். கொட்டையைச் சந்தேகித்தேன், கிரைண்டரைச் சந்தேகித்தேன். ஒருநாள் இரவில் கேஜைப் பூட்டி ஓட்டியபோது முள் 8ஐத் தாண்டவில்லை. காலையில் அதே முள் 10 காட்டியது. மல்டிமீட்டரைச் சுவரில் செருகிப் பார்த்தேன். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தது.

வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது அதிர்வுப் பம்பு. மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு தள்ளு. 50 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 50 தள்ளு. மின்னழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு தள்ளின் பலமும் குறையும். வால்வு திறக்கும் அளவுக்கே பம்பால் ஏற முடியாதபோது வால்வைத் திருகி என்ன பயன்? இதற்கு மருந்து ஸ்டெபிலைசர். இயந்திரத்தின் ஹீட்டரே 1,000 முதல் 1,500 வாட் இழுக்கும் என்பதால் டி.வி.க்கு வாங்கிய சிறிய ஸ்டெபிலைசர் போதாது, 2 கே.வி.ஏ. அளவிலாவது வேண்டும். அழுத்தச் செலவுக் கணக்கில் யாரும் எழுதாத வரி இது.

வளைகுடாவிலிருந்து கொண்டுவருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். துபாய், கத்தார், குவைத் எல்லாம் நம்மைப் போல் 50 ஹெர்ட்ஸ். சவுதி அரேபியாவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே விற்கும் இயந்திரத்தின் அடியில் ஒட்டிய தகட்டில் 60 மட்டும் இருந்தால், இங்கே பம்பு வேறு தாளத்தில் ஓடும், அதிகம் சூடாகும். ‘50/60’ என்று இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

## சரிசெய்யும் வழிகள்

### தொடாமல் விடுவது

இதுவும் ஒரு தேர்வுதான், பலருக்கு இதுவே சரியான தேர்வு. இரட்டைச் சுவர் பாஸ்கெட் வைத்திருப்பவர்கள், உத்தரவாதக் காலத்தில் இருப்பவர்கள், எஸ்ப்ரெஸ்ஸோவை எப்போதும் கால் லிட்டர் பாலில் கலந்து கருப்பட்டியோடு குடிப்பவர்கள்: இவர்கள் வால்வில் செலவழிக்கும் பணத்தைப் புதிதாக வறுத்த கொட்டையில் செலவழித்தால் அதிகம் கிடைக்கும். பாலில் 12 பாருக்கும் 9 பாருக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கு அவ்வளவாகக் கண்டுபிடிக்காது. நேராக எஸ்ப்ரெஸ்ஸோ குடிப்பவருக்கு அது முதல் மிடறிலேயே தெரியும்.

### வால்வின் திருகைச் சரிசெய்வது

திருகும் வசதி உள்ள வால்வு என்றால் இதுதான் என் முதல் தேர்வு. கேஜைத் தவிர வாங்க வேண்டிய பொருள் எதுவுமில்லை, ஒரு ஆலன் கீ அல்லது ஸ்பேனர் போதும். செய்ததைத் திருப்பிவிடவும் முடியும்.

மின் இணைப்பைப் பிடுங்கி, இயந்திரம் ஆறிய பிறகு மூடியைத் திறந்து, தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய குழாயைத் தேடுங்கள். அது எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வால்வு. திருகு இப்போது இருக்கும் நிலையை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வால்வுகளில் இடப்பக்கம் திருகினால் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் இறங்கும். கால் சுற்று திருகி, மூடியைத் திரும்ப மூடி, கேஜைப் பூட்டி அளந்து, மறுபடி கால் சுற்று. திறந்த இயந்திரத்தில் மின்சாரம் ஓடவிட்டுக்கொண்டே திருகும் காட்சிகளை நிறையப் பார்க்கிறேன். ஈரக்கையும் 230 வோல்ட்டும் தண்ணீரும் ஒரே இடத்தில் சேரும் வேலையில் அவசரமே கூடாது.

கேஜ் இல்லாமல் இந்தத் திருகைத் தொடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன். என் கோப்பை கசந்தது, பீறிட்டது. குற்றம் 15 பாரின் மேல் என்று முடிவு கட்டி ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். கசப்பு போய்ப் புளிப்பு வந்தது. பிறகு கேஜ் வந்தபோது முள் 5இல் நின்றது. 10க்கு ஏற்றிய பிறகும் பீறிடல் நிற்கவில்லை. அது கிரைண்டரின் பற்கள் தேய்ந்ததால் வந்தது. பற்களை மாற்றியதும் நின்றது. இரண்டு கோளாறுகளை ஒரே திருகில் தீர்க்கப் பார்த்ததில் ஒரு மழைக்காலமே கழிந்தது.

அழுத்தத்தை மாற்றிய பிறகு அரைப்பையும் புதிதாகப் பிடிக்க வேண்டும். அந்தக் கால் கிலோவையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

### ஸ்பிரிங் மாற்றுவது

சில வால்வுகளில் திருகே கிடையாது. அவற்றுக்கு 6.5 பார், 9 பார் என்று அளவிட்ட ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன. காஜியா கிளாசிக் வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் மாற்றம் இது. ஒருமுறை போட்டுவிட்டால் தளர்ந்து நகர்வதற்கு எதுவுமில்லை என்பது நன்மை. நடுவில் ஒரு எண் வேண்டுமென்றால் வழியில்லை என்பது குறை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஸ்பிரிங்கைவிடத் தபால் செலவு அதிகமாகும். துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங்தானா என்று உறுதிசெய்யுங்கள். உள்ளூர் லேத்தில் ‘இதே மாதிரி’ சுற்றித் தருவதை வாங்க வேண்டாம். குடிக்கும் தண்ணீர் அதன் வழியாகப் போகிறது.

### டிம்மர் வைத்துப் பம்பை அடக்குவது

பம்புக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து, காபி இறங்கும்போதே அழுத்தத்தை ஏற்றி இறக்கலாம். மெதுவாக நனைத்து, பிறகு ஏற்றி, கடைசியில் தணிக்கும் அழகு இதில்தான் கிடைக்கும். மின்வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும். மின்விசிறி ரெகுலேட்டரை இணைத்துப் பார்க்கும் முயற்சிகள் வேண்டாம். எங்கள் காற்றில் திறந்த இணைப்புகள் பச்சை பூத்துவிடும், பூத்த இணைப்பு சூடாகும்.

### கை நெம்புகோல் இயந்திரத்துக்கு மாறுவது

பம்பே இல்லை, வால்வே இல்லை. ஃபிளேர், ரோபாட் போன்ற கைநெம்புகோல் கருவிகளில் கேஜோடு வரும் வகைகள் உண்டு. முள்ளைப் பார்த்துக்கொண்டே கையால் அழுத்துகிறீர்கள். அளப்பதும் சரிசெய்வதும் ஒரே செயல். மின்தடை வந்தாலும் அடுப்பில் வெந்நீர் வைத்தால் போதும். பாய்லர் இல்லாததால் உப்பு படிய இடமில்லை.

குறைகளும் வெளிப்படையானவை. ஒரு நேரத்தில் ஒரு கோப்பை. லேசாக வறுத்த கொட்டைக்குக் கருவியை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். கைவலு வேண்டும். பெருநாள் காலையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் இது நடக்காது. பாலை நுரைக்க வேறு கருவி தேட வேண்டும்.

## எங்கள் தண்ணீர்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைத் தாண்ட முடியாது. ராமநாதபுரம் கடற்கரையில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. ஆழ்குழாய்த் தண்ணீரை இயந்திரத்தில் ஊற்றினால் சுண்ணாம்பு ஒரு பக்கம் படியும், குளோரைடு இன்னொரு பக்கம் எஃகையும் பித்தளையையும் அரிக்கும். நான் சரியாக 10இல் நிறுத்திய வால்வு 14 மாதத்தில் 11.5 காட்டியது. கழற்றிப் பார்த்தபோது ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளைப் படிவம். வால்வு தன் இடத்தில் நகர மறுத்திருந்தது. திருகை நான் தொடவே இல்லை, அழுத்தம் தானாக ஏறியிருந்தது. இதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்கிறேன்.

கேன் தண்ணீர் பாதுகாப்பு என்று நினைத்தால் அதிலும் ஒரு சிக்கல். காபித் துறையில் ஏற்கும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம். 150 நல்ல நடு. ஆர்.ஓ. கேன் சில நேரம் 30, 40 என்று இருக்கும். அதில் போட்ட காபி வெறுமையாக இருக்கும். தண்ணீரின் மின்கடத்தலை வைத்து மட்டம் அறியும் இயந்திரங்கள் தொட்டி காலி என்று நினைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் கேன் தண்ணீரோடு காவிரிக் கூட்டுக் குடிநீரைக் கலந்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 120, 130 வரும்வரை பார்த்து ஊற்றுகிறோம். மீட்டர் உப்பின் மொத்தத்தைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. ஆகவே ஆழ்குழாய்த் தண்ணீரைக் கலந்து அதே எண்ணைக் கொண்டுவந்தால் ஏமாந்துபோவீர்கள். படிவம் நீக்குவதற்கு சிட்ரிக் அமிலம் நல்லது. பாய்லர் அலுமினியம் என்றால் தயாரிப்பாளர் சொல்வதை மட்டும் பயன்படுத்துங்கள்.

## மூன்று பேருக்கும் சொன்னது

தொண்டி ஆசிரியையின் இயந்திரத்தில் இருந்தது இரட்டைச் சுவர் பாஸ்கெட். பொடி கடையில் அரைத்து வாங்கியது. கேஜ் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கை கிரைண்டரும், ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டும், தராசும் வாங்கச் சொன்னேன். இயந்திரத்தைத் திறக்க வேண்டாம் என்றேன். உத்தரவாதம் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதற்குள் அரைப்பு கைக்கு வந்துவிடும்.

பாம்பன் தம்பிக்குக் கருவிகளும் பழகிய கையும் இருந்தன. திருகு வால்வு. அவர் கேட்டவுடனேயே திறந்துவிடத் துடித்தார். கேஜ் சேரும்வரை பொறுக்கச் சொன்னேன். பழைய கைப்பிடி ஒன்றில் தானே ரெடியூசரையும் எஃகு கேஜையும் பூட்டிக்கொண்டு வந்தார். நின்ற அழுத்தம் 13.5. முக்கால் சுற்றுக்கும் கொஞ்சம் கூடத் திருகியதும் 10. அரைப்பைச் சற்று மாற்றி அன்று மாலை போட்ட மூன்றாவது கோப்பையில் அந்தச் சுள்ளென்ற கசப்பு இல்லை. “அண்ணே, இதுதானா அது?” என்று கேட்டுவிட்டு, சர்க்கரை போடாமலே குடித்து முடித்தார்.

தங்கச்சிமடத்துப் பெரியவரிடம் இருப்பது முள் பதித்த நல்ல இயந்திரம். ஆனால் அவர் குடிப்பது நாளுக்கு ஒரே கோப்பை, பால் இல்லாமல், விடியற்காலையில். மாலையில் மின்னழுத்தம் இறங்குவது அவரைப் பாதிக்கவில்லை. காற்று வீசும் மாதங்களில் மின்சாரமே நின்றுபோவதுதான் அவருடைய சிரமம். 2 கே.வி.ஏ. ஸ்டெபிலைசரும் வால்வு வேலையும் சேர்த்துக் கணக்குப் போட்டோம். அதற்குப் பதிலாக அந்த இயந்திரத்தை மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கேஜ் உள்ள கைநெம்புகோல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். தோள்வலி இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொண்டேன். இல்லை என்றார், இளமையில் துடுப்புப் போட்ட தோள். இப்போது 8 பாருக்கு மேல் அவர் அழுத்துவதில்லை, அவருடைய நாக்குக்கு அதுதான் பிடித்திருக்கிறது.